அண்ணாவுக்காக நான் சொன்ன பதில்

இன்று அண்ணாவின் முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். மலருக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்றபோது நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் எழுதுவதும் பேசுவதும் எப்போதும் என் தலையில்தான் விழும். முதல் தடவை எழுதியதில், அண்ணா இரக்க குணம் உள்ளவர், இறைபக்தி மிக்கவர், காலன் கண் வைத்துவிட்டான் என்று மூன்று பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அதில் இருந்தவை எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அண்ணா எப்படிச் செத்தார் என்பது அதில் இல்லை. அதை எழுதாமல் இந்த மலரை உங்கள் கையில் தர எனக்கு மனம் வரவில்லை.

அண்ணா பிறந்தது கோண்டாவிலில். அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் அண்ணா புத்தகப் பையோடு நேரே டிப்போவுக்குப் போய், பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கும் அப்பாவுக்குத் திருகுசாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு குந்தியிருப்பார். சண்டை தொடங்கி ஊர் இடம்பெயர்ந்தபோது அவருக்குப் பதினேழு வயது. அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை நான் விவரிக்கத் தேவையில்லை. உங்களில் பாதிப்பேர் அதே பாதையால் வந்தவர்கள். கொழும்பில் ஒரே அறையில் எட்டுப் பேர், பிறகு ஏஜென்சிக்காரன், பிறகு எந்த நாடென்று தெரியாத விமான நிலையங்கள், கடைசியில் ஒரு மாசி மாதத்தில் மெல்லிய சேட்டோடு மொன்றியல். உணவகத்தில் கோப்பை கழுவி, இரண்டு வருடத்தில் என்னையும் கூப்பிட்டார். அம்மாவும் அப்பாவும் எங்களிடம் வந்து சேர முன்னரே ஊரில் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். இந்த நாட்டில் அவருக்கு நான், எனக்கு அவர் என்று ஆகிவிட்டது.

எனக்குப் பிரெஞ்சு சீக்கிரமாக வந்தது. ஒரு வருடத்துக்குள் கடைக்காரனோடு சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். அண்ணாவுக்கு அந்த மொழி நாக்கில் ஏறவே இல்லை. உணவகத்தை விட்டுச் சேர்ந்த கராஜில் அவர் கை வைத்தால் எந்த இயந்திரமும் ஓடும், ஆனால் மெக்கானிக் பத்திரம் எடுப்பதற்கான சோதனை பிரெஞ்சில். மூன்று தடவை எழுதினார், மூன்று தடவையும் கோட்டை விட்டார். தன்னிடம் வேலை பழகிய பையன்களுக்குக் கீழே உதவியாளாக வருடக்கணக்கில் நின்றார்.

ஆகவே அவருக்காகப் பேசுவது நான். வங்கி, வீட்டுக்காரன், குடிவரவு அலுவலகம், பிறகு அண்ணியைக் கூப்பிடும் கடதாசிகள், அவர்களுடைய மகள் பிறந்த வைத்தியசாலை, அவளைச் சேர்த்த பிள்ளைகள் காப்பகம், எல்லா இடத்திலும் அண்ணாவுக்குப் பக்கத்தில் என் கதிரை இருக்கும். வீட்டுக்காரன் அண்ணாவைப் பார்த்து ஏதாவது கூடாமல் சொன்னால், "சுகமோ எண்டு கேக்கிறார்" என்று அண்ணாவுக்குச் சொல்வேன். அண்ணா சூடாக ஏதாவது சொன்னால் அதை நன்றியாக மாற்றி அந்தப் பக்கம் கொடுப்பேன். யாருக்கு எது தெரிய வேண்டும், எது தெரிய வேண்டாம் என்பதை நடுவில் இருக்கும் நான்தான் தீர்மானித்தேன். வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

கராஜுக்கு வரும் ஒரு குஜராத்தி வாடிக்கையாளருடைய தம்பி தன்சானியாவில், அருஷா என்ற நகரத்தில், சபாரி வாகனங்கள் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். ஆங்கிலம் தெரிந்த, வேலை தெரிந்த ஒரு ஆள் பொறுப்பாக வேண்டும் என்றார்கள். அங்கே யாரும் பத்திரம் கேட்கவில்லை. இரண்டு வருடம் என்று சொல்லிப் போன அண்ணா ஒன்பது வருடம் நின்றுவிட்டார். உலகமே ஆபிரிக்காவிலிருந்து கனடாவுக்கு வரப் பாடுபடுகிறது, இவர் மட்டும் எதிர்த்திசையில் போகிறார் என்று நீங்கள் எல்லோரும் பகிடி பண்ணினீர்கள். நானும் பண்ணினேன். அண்ணியும் மகளும் மொன்றியலில் கார்ட்டியர்வில் வீட்டில் என் மேல்வீட்டிலேயே இருந்தார்கள். அண்ணா வருடத்தில் ஒரு மாதம் வந்து போவார். மற்றப் பதினொரு மாதமும் அவர் ஒரு தொலைபேசித் திரை. அண்ணி அதைப் பற்றி ஒரு நாளும் யாரிடமும் முறைப்பட்டதில்லை. ஆனால் அது சந்தோசமான வாழ்க்கை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

அண்ணாவின் வேலை, சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் கொண்டுபோகும் வண்டிகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது. காலையில் எந்த வண்டியும் அவர் பார்க்காமல் வெளியே போகாது. பிரேக், ஜாக்கி, இரண்டு மாற்றுச் சக்கரம், தண்ணீர், வானொலிக் கருவி, முதலுதவிப் பெட்டி, எல்லாவற்றையும் தானே தொட்டுப் பார்ப்பார். சாரதிகள் முதலில் முணுமுணுத்தார்களாம். காட்டுக்குள் ஏதாவது வண்டி நின்றுவிட்டால், அண்ணாவும் அவருடைய கையாள் ஜோசப்பும் போய் இழுத்து வருவார்கள். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் ஒரு பயணிக்கும் ஒரு கீறல் விழவில்லை என்று ஜோசப் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

நாலு வருடத்துக்கு முன் நானும் அண்ணியும் மகளும் அருஷாவுக்குப் போனோம். போய் இறங்கியதிலிருந்து சட்டம்தான். இருட்டிய பிறகு நடந்து போகக்கூடாது. சந்தையில் கைப்பையை முன்னால் பிடிக்க வேண்டும். கார் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தொலைபேசி பார்க்கக்கூடாது. வாசலில் காவலாளி. விடுமுறைக்கு வந்தோமா, மறியல்சாலைக்கு வந்தோமா என்று நான் கேட்டேன். அண்ணா சிரித்துவிட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை போய்ப் பார்த்தார்.

காட்டுக்குப் போன அன்று சக்கரம் ஒன்று காற்றுப் போய்விட்டது. இறங்கி மாற்றப் பத்து நிமிடம் போதும். ஆனால் அண்ணா கதவில் கை வைக்க முன்னரே ஒரு பெண் சிங்கம் ஆறுதலாக நடந்து வந்து, எங்கள் வண்டியின் நிழலில் படுத்துவிட்டது. சுற்றிவர வெறும் புல்வெளி, அதற்கு நிழல் தர வேறு ஒன்றும் இல்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, அவசரமாக ஒதுங்க வேண்டும் என்று நெளிகிறாள். மறுபக்கக் கதவால் மெல்ல இறங்கினால் என்ன என்று நான் கேட்டேன்.

"இறங்க ஏலாது. அது எழும்பிப் போகுமட்டும் இருக்கிறதுதான்," என்றார் அண்ணா. "எங்களுக்கு அவசரம் எண்டு அதுக்குத் தெரியுமே?"

மூன்று மணித்தியாலம் அப்படியே இருந்தோம். மகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த பெட்டியைக் காலியாக்கிக் கொடுத்து நானும் அண்ணியும் துணி பிடித்தோம். அண்ணா வானொலியில் கூப்பிட்டு, இன்னொரு வண்டி வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் சிங்கம் எழும்பிப் போனது. அதற்குப் பிறகும் அரை மணித்தியாலம் விட்டுத்தான் அவர் இறங்கினார். மகள் இப்போதும் அந்தச் சாப்பாட்டுப் பெட்டிக் கதையைச் சொன்னால் முகத்தை மூடிக்கொள்வாள்.

அன்றிரவு சாப்பிடும்போது, சிங்கத்துக்கு இவ்வளவு பயமா என்று நான் அவரைச் சீண்டினேன். சிங்கத்துக்குத் தனக்குப் பயமில்லை, அதைக் கண்ணால் காணலாம், தனக்கு நுளம்புக்குத்தான் பயம் என்றார். நெட்டுக்குள் படுக்க வைத்து, ஆள் ஆளாக மலேரியா மாத்திரை விழுங்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொன்னவர் அவர். பட்டறையில் யாருக்காவது உடம்பு சுட்டால் உடனே மருந்துக் கடைக்கு அனுப்பிவிடுவார். விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கால் மணித்தியாலத்தில் சொல்லிவிடுவார்கள். மருந்தைப் போட்டால் சரி. புறப்படும் நாளில் விமான நிலையத்தில் வைத்து என்னிடம் சொன்னார்:

"திரும்பிப் போய்க் காய்ச்சல் வந்தால், எங்கயிருந்து வந்தனீங்கள் எண்டதை டொக்டரிட்ட முதல் சொல்லு. காய்ச்சல் எண்டு சொல்ல முந்தி அதைச் சொல்லு."

நான் தலையாட்டினேன். எனக்கு அது விளங்கியது. விளங்காமல் நடந்த பிழை இல்லை இது.

இந்த வருடம் மகள் பெரியபிள்ளையானாள். சாமத்தியவீட்டைப் பெரிய பூப்புனித விழாவாகச் செய்ய வேண்டும் என்று நின்றவள் நான். மாமி என்ற முறையில் அது என் உரிமை என்று நினைத்தேன். மகளுக்குத் துளியும் விருப்பம் இல்லை. பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று அழுதாள். அண்ணாவும் தொலைபேசியில், "பிள்ளைக்கு விருப்பமில்லையெண்டால் விடன், ஏன் அவளை அரியண்டப்படுத்துறாய்?" என்றார். நான் மண்டபம் பிடித்தேன், படப்பிடிப்புக்காரரைப் பிடித்தேன், ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் சொல்லி அனுப்பினேன். தகப்பன் இல்லாமல் சபையில் பிள்ளையை நிறுத்த முடியாது என்று அண்ணாவை வரவைத்ததும் நான்தான். வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர்தான் அவர் தாழ்வான சதுப்புப் பக்கம் நின்றுபோன ஒரு வண்டியை எடுக்கப் போய், இரண்டு இரவு வண்டிக்குள்ளேயே படுத்திருக்கிறார்.

அண்ணா வந்து இறங்கிய அடுத்த நாள் உறவுக்காரர் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பக்கத்தில் ஏதோ காய்ச்சல் பரவுகிறதாம், வட்ஸ்அப்பில் வந்ததாம், அண்ணா அங்கிருந்துதானே வருகிறார், சின்னப் பிள்ளைகளோடு விழாவுக்கு வர யோசனையாக இருக்கிறது என்றார். நான் உடனே, அண்ணா வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, இவ்வளவு நாளும் ரொறொன்ரோவில் சிநேகிதர் வீட்டில் நின்றவர் என்றேன். வாயில் தானாக வந்தது. பிறகு மற்றவர்களுக்கும் அதையே சொன்னேன். அண்ணியிடமும் சொல்லி வைத்தேன், யார் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று. அண்ணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை அண்ணாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. புதன்கிழமை காலையில் நான் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அண்ணி வேலையிலிருந்து வந்தபின் போகலாம் என்றார்; நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் கோயிலில் பழக்கமான ஒரு அக்கா நின்றார். விழாவுக்கு அழைப்பிதழ் கொடுத்த வீடு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், கடந்த ஒரு மாதத்தில் கனடாவுக்கு வெளியே பயணம் செய்தாரா என்று பிரெஞ்சில் கேட்டாள். அந்த அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியும். நான், இல்லை, ரொறொன்ரோவுக்கு மட்டும் போனவர் என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள்.

உள்ளே வைத்தியரின் அறையில் அந்த அக்கா இல்லை. அங்கே நாங்கள் மூன்று பேர்தான். வைத்தியர் கடதாசியைப் பார்த்து, ரொறொன்ரோவா என்று கேட்டார். நான் ஓம் என்று தலையாட்டினேன். முதலில் சொன்னது பொய் என்று அந்த மனிதருக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் தனியாகப் படுக்க வைத்துவிடுவார்கள், சனிக்கிழமை விழா நின்றுவிடும் என்றும் நினைத்தேன். அண்ணா தலையிடியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அண்ணாவுக்கு ஆங்கிலம் தெரியும், வைத்தியருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்கும். அவர்கள் இரண்டு பேரும் நேரே பேசியிருக்கலாம். நான் நடுவில் இருந்தேன்.

காரில் ஏறிய பிறகு அண்ணா கேட்டார். "நான் எங்கயிருந்து வந்தனான் எண்டு சொன்னனியே?"

"ஓம் அண்ணா, எல்லாம் சொல்லிட்டன். வைரஸ் காய்ச்சலாம்."

"ரத்தம் எடுக்கேல்லையே?"

"தேவையில்லையாம்."

"அப்ப சரி," என்றார். சீற்றைச் சாய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று முப்பது வருடமாக நம்பிய மனிதர்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. எனக்குப் பெரிய நிம்மதி. சனிக்கிழமை அவர் பட்டு வேட்டியோடு மேடையில் நின்று எல்லோரையும் கும்பிட்டார். முகம் வெளிறியிருந்ததை அலங்கார வெளிச்சத்தில் யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் எல்லோரும் அவரோடு நின்று படம் எடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி எழுப்பியபோது அவருக்கு அண்ணியைத் தெரியவில்லை. ஜோசப்பைக் கூப்பிட்டு ஜாக்கியைக் கொண்டுவரச் சொல்லிச் சுவாஹிலியில் பேசிக்கொண்டிருந்தார். அம்புலன்ஸில் வந்தவர்களிடம் அண்ணி, நாலு சொல்லும் தெரியாத தன் பிரெஞ்சில், முதல் வார்த்தையாகத் தன்சானியா என்றார். ஒரு மணித்தியாலத்தில் மலேரியா என்று கண்டுபிடித்துவிட்டார்கள். புதன்கிழமை தெரிந்திருந்தால் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று அங்கிருந்த வைத்தியர் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அதை அண்ணிக்குத் தமிழில் சொல்ல வேண்டியவளும் நான். அந்த ஒரு தடவை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டிருந்தது. ஐந்தாம் நாள் அண்ணா கண் திறக்காமலே போய்விட்டார்.

இதை நான் என் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போயிருப்பேன். அவ்வளவு நல்லவள் இல்லை நான். ஆனால் சவச்சாலையில் எனக்குப் பின்னால் இருந்த இரண்டு பேர், பிள்ளை ருதுவான நேரம் தகப்பனுக்குக் கூடாத நேரமாம், அதுதான் விழாவோடு தகப்பனை எடுத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்தவர்களும் அதையே பேசினார்கள். மகளுக்குத் தமிழ் விளங்காது என்று நினைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் பேசினார்கள். அவளுக்கு விளங்கும். இப்போது அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தகப்பனின் படம் இருக்கும் அறைக்குள் வருவதில்லை. தன்னாலே அப்பா செத்தாரா என்று தாயிடம் கேட்டிருக்கிறாள்.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பிள்ளையின் நேரத்திலும் சாதகத்திலும் ஒரு பிழையும் இல்லை. அவள் விழாவையே கேட்கவில்லை. அண்ணாவுக்கு வந்தது, நேரத்தோடு சொல்லியிருந்தால் மாத்திரையில் மாறியிருக்கும் காய்ச்சல் வருத்தம். சொல்லாமல் விட்டவள் நான். நீங்கள் விழாவுக்கு வராமல் விட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில் சொல்லாமல் விட்டேன். இனி யாராவது அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் பேசினால், இந்தப் பக்கத்தை எடுத்து வாசித்துவிட்டுப் பேசுங்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்க முன் மகளைக் கூப்பிட்டு வைத்து, பிரெஞ்சில் முழுவதும் சொன்னேன். ஒரு மனப்பாரம் குறையும், அவளுக்காவது ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. கிளினிக் வரிசையில் அந்த அன்ரி நின்றதால் நான் பொய் சொன்னது தனக்கு விளங்குகிறது என்றாள்.

"காருக்குள்ள ஆர் நிண்டது, மாமி?" என்று கேட்டாள்.

அவள் எழும்பி மேலே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. தன்னால் இல்லை என்பதை நம்பினாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அந்த ஐந்து நாளும் அண்ணாவின் கையைப் பிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதிகளுக்கும் வைத்தியர்களுக்கும் நன்றி. அருஷாவில் அண்ணாவின் அறையை ஒழுங்குபடுத்தி, உடுப்புகளைத் தோய்த்து மடித்து அனுப்பிவைத்த ஜோசப்புக்கும் பட்டறைத் தோழர்களுக்கும் நன்றி. அவர்களால் இதை வாசிக்க முடியாது. சாவுத் துடக்குக் காலம் முழுவதும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத குறை தெரியாமல் சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், தூர இடங்களிலிருந்து இரண்டு தடவை பயணம் செய்து வந்த உறவுகளுக்கும் நன்றி. அன்று கிளினிக்கில் எனக்குப் பின்னால் நின்ற அக்கா எல்லா நாளும் புட்டும் கறியும் கொண்டுவந்தார். அவருக்கும் நன்றி. அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. அவரை அன்று கண்டிருக்காவிட்டாலும் நான் இதையே செய்திருக்கக்கூடும்.

கடைசியாக அண்ணிக்கு. இந்தக் கட்டுரையை அவரிடம் கொடுத்து, அச்சிடலாமா, வேண்டாமா என்று கேட்டேன். இரண்டு நாள் வைத்திருந்து வாசித்தார். அண்ணா இடம்பெயர்ந்த வயதை நான் பதினாறு என்று போட்டிருந்ததைப் பதினேழு என்று திருத்தினார். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றார். முடிவில் நான் அவரிடமும் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டு மூன்று வரி எழுதியிருந்தேன். அந்த மூன்று வரியையும் பேனையால் வெட்டிவிட்டுத் தந்தார். அவர் வெட்டியபடியே அச்சிட்டிருக்கிறேன்.